வால் விசிறி எந்தப் பக்கம்?

டெல்மர் ப்ரூவிட் கம்பளத்தில் மண்டியிட்டு, மூக்கு தரையில் உரசுமளவுக்குக் குனிந்து, டார்ச் அடித்துத் தேடிக்கொண்டிருந்தார். எழுபது வயது முதுகு அடிக்கடி ஆட்சேபம் தெரிவித்தது. அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

தேடிய பொருள் நகத்தளவுதான். பாகங்களை ஒட்டிச் செய்கிற பிளாஸ்டிக் ராணுவ ஹெலிகாப்டர் கிட்டின் வால் விசிறி. ஹெலிகாப்டரின் வால் நுனியில் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு சுற்றுமே, அது. அது இல்லாவிட்டால் நிஜ ஹெலிகாப்டர் பம்பரம் மாதிரி சுற்றிக் கீழே விழும். டெல்மரின் தலை ஏற்கெனவே சுற்ற ஆரம்பித்திருந்தது.

துவைத்த துணிக் கூடையோடு மனைவி எர்லீன் வாசலில் வந்து நின்றாள்.

"என்ன தேடறே?"

"கண்ணாடி."

"எந்தக் கண்ணாடி?"

"என் கண்ணாடிதான். ஊரான் கண்ணாடியையா தேடுவேன்?"

எர்லீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அவர் மூக்கின் மேலிருந்த கண்ணாடியை விரலால் மெதுவாகத் தொட்டாள்.

"இதோ இருக்குப்பா," என்றாள், ஜுரம் வந்த குழந்தையிடம் பேசுகிற குரலில்.

டெல்மர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அடங்கிய குரல் கேட்டது. "டெனீஸ், அம்மா பேசறேன்... ஆமாம்... மூக்குமேலயே இருக்கு... நீயே சொல்லு..."

டெனீஸ் அவர்களுடைய ஒரே மகள். மான்ட்கமரியில் ஏதோ ஓர் அலுவலகத்தில் பெரிய வேலை. காதில் போன் கருவி இல்லாத டெனீஸைப் பெற்றவர்கள் பார்த்துப் பல வருஷமாகிறது. அந்த டெனீஸ்தான், அப்பாவுக்கு மறதி வியாதி ஆரம்பித்துவிட்டது என்று கண்டுபிடித்தவள்.

சாட்சியங்கள் இல்லாமல் இல்லை. ட்ரக் சாவி ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில் கிடைத்தது. ஒரு சனிக்கிழமை டெல்மர் கோட்டும் டையுமாகச் சர்ச்சுக்குப் போய்ப் பூட்டிய கதவை இடித்துக்கொண்டிருந்தார். பேரனை நாயின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாம் நடந்ததுதான். ஆனால் எழுபது வயதில் யார் வீட்டு ஃப்ரீசரில்தான் இருக்கக் கூடாதது ஒன்று இல்லை?

"அப்பா, இனிமே நீங்க வண்டி ஓட்ட வேண்டாம்," என்று டெனீஸ் தீர்ப்புச் சொன்னாள்.

அவர்களுடைய ஊரான டேல்வில்லில் வண்டி இல்லாதவன் காலில்லாதவன். ஒரு காபி குடிக்கவேண்டும் என்றாலும் நெடுஞ்சாலை ஏறவேண்டும். அதுவும் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றி இறக்கியே தலை நரைத்தவரிடம் போய் இப்படிச் சொன்னால்? டெல்மர் கத்தினார். எர்லீன் அழுதாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் உண்டாயிற்று.

"கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்யணும்னு டாக்டர் சொல்றாருப்பா," என்று டெனீஸ் ஒரு பெட்டியை நீட்டினாள். "இதை நீங்களே செய்யணும். யார் உதவியும் கூடாது. ஒரு பாகம்கூடத் தொலையக் கூடாது. பெயின்ட் அடிச்சு, தந்தையர் தினத்தன்னைக்கு மேஜைமேல வையுங்க. வச்சிட்டீங்கன்னா, சாவியைப் பத்தி நான் பேச்சே எடுக்கமாட்டேன்."

"தொலைஞ்சுதுன்னா?"

"சாவி என்கிட்ட."

பெட்டி மேல், வயல் வெளியில் இறங்குகிற பழைய காலத்துப் பச்சை ஹெலிகாப்டரின் படம். மூலையில் வட்டமாக ஒரு சிவப்பு ஸ்டிக்கர்.

"வெர்ஜில் கடையில வாங்கினேன். மனுஷன் தொணதொணன்னு என்னமோ பேசிக்கிட்டே இருந்தாரு, நான் ஒரு மீட்டிங்ல இருந்தேன். ஆனா பாருங்க, பாதி விலை! ...ஹலோ? இல்ல சார், உங்களைச் சொல்லல."

டெல்மர் அந்தப் பெட்டியைப் பிரித்தது இன்றைக்குத்தான். கத்திரியைத் தேடப் பொறுமையில்லாமல் உள்ளே இருந்த, டேப் ஒட்டிய பையைப் பல்லால் கிழித்தார். பாகங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் சட்டங்கள் மடியில் கொட்டின. இரண்டு மூன்று பாகங்கள் தானாகவே கழன்று மடியில் உருண்டன. ஒவ்வொன்றையும் செய்முறைத் தாளோடு ஒத்துப் பார்த்தால், எல்லாம் இருந்தது. வால் விசிறி இல்லை.

கீழே விழுந்த ஞாபகம் அவருக்கு இல்லை. ஞாபகம் இல்லாததுதானே வியாதியே! ஒரு மனிதனைப் பார்த்து நீ தொலைக்கிறவன், நீ தொலைக்கிறவன் என்று குடும்பமே சொல்லிக்கொண்டிருந்தால், அவன் தொலைக்காததையும் தன் கணக்கில் எழுதிக்கொள்வான். டெல்மர் டார்ச்சை எடுத்துக்கொண்டு மண்டியிட்டதும் அப்படித்தான்.

கம்பளத்திலிருந்து ஒரு சட்டைப் பொத்தான், வேர்க்கடலை, நாய் இருந்த காலத்து நாய் பிஸ்கட் எல்லாம் கிடைத்தன. விசிறி கிடைக்கவில்லை.

"பால் வாங்கிட்டு வரேன்," என்று சொல்லிவிட்டு டெல்மர் ட்ரக்கை எடுத்தார்.

வெர்ஜில் மோப்லியின் கடையில் முன்பக்கம் தூண்டில், ஆணி, நாய்த் தீனி. ஓர் அலமாரியைத் தாண்டிப் பின்பக்கம் போனால் கூரைவரைக்கும் மாடல் பெட்டிகள். விமானம், டாங்கி, கப்பல் எல்லாம் உண்டு. ராணுவத் தளத்தின் காலடியில் இருக்கிற ஊர் என்பதால் ஹெலிகாப்டர்தான் அதிகம். பொம்மை என்று யாராவது சொல்லிவிட்டால் வெர்ஜில் கதவைக் காட்டுவார்.

"வெர்ஜில், ஒரு சின்னப் பாகம் மட்டும் வேணும்னு வச்சுக்கயேன்..."

"நிறுத்து!" வெர்ஜில் கையைத் தூக்கினார். "ஒத்தப் பாகத்துக்காகப் பெட்டியைத் திறக்கிற வேலை இனிமே இந்தக் கடையில கிடையாது. ஒரு தடவை ஒருத்தன் மூக்கால அழுதான்னு இரக்கப்பட்டுத் தொலைச்சேன். அவன் வாங்கிட்டுப் போயிட்டான், மூளிப் பெட்டி என் தலையில. பாகம் காணோமா? முழுசா இன்னொண்ணு வாங்கு. உலகம் பூரா மாடல் கட்டறவன் அதைத்தான் செய்றான்."

எந்தப் பாகம் என்றுகூட அவர் கேட்கவில்லை.

"எனக்கில்லப்பா, ஒரு சிநேகிதனுக்கு," என்றார் டெல்மர்.

"இங்க வர்ற எல்லாரும் சிநேகிதனுக்குத்தான் வாங்கறாங்க."

அதே பெட்டி, சிவப்பு ஸ்டிக்கர் இல்லாமல், முழு விலைக்கு.

"எர்லீனுக்குத் தெரியவேண்டாம்."

"டெல்மர், இந்த அலமாரிக்கு இந்தப் பக்கம் நடக்கிறது அந்தப் பக்கம் போகாது. ஊர்ல பாதிக் குடும்பம் ஒழுங்கா நடக்கிறதே என் வாயாலதான்." அவர் உதட்டை இழுத்துப் பூட்டுப் போடுவதுபோலக் காட்டினார்.

டெல்மர் பெட்டியை ட்ரக்கின் பின்னாலிருந்த கருவிப் பெட்டிக்குள் ஒளித்தார். விசிறியை மட்டும் வெட்டிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெற்றி வீரனாக வீட்டுக்குள் நுழைந்தார்.

"பால் எங்கே?" என்றாள் எர்லீன்.

டெல்மர் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டார்.

"மறந்துட்டேன்."

"கடைக்குத்தானே போனே?"

"போனேன்."

"என்ன வாங்கினே?"

"ஒண்ணும் வாங்கல."

எர்லீன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வேலை நன்றாகவே நடந்தது என்று சொல்லவேண்டும். டெல்மருக்குக் கை நடுங்கவில்லை. உடலின் இரண்டு பாதிகளை ஒட்டினார், சேர்ந்த இடத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினார், இருக்கைகளை வைத்தார், கால் சட்டங்களைக் கோணாமல் பொருத்தினார். வெர்ஜிலிடம் வாங்கிய மங்கல் பச்சையை மெல்லிய தூரிகையால் மூன்று பூச்சு பூசினார். செய்முறைத் தாள் சொன்னபடி வால் விசிறியை இடது பக்கம் ஒட்டினார். தள்ளி நின்று பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது. வியாதிக்காரன் இப்படிச் செய்வானா? எர்லீனைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எவ்வளவு அழகா இருக்கு!" என்று அவள் கண்கலங்கினாள். "ஆனா கம்பளம் பூரா பிளாஸ்டிக் தூள்."

"நான் சர்ச்சுல காலைச் சாப்பாட்டுக்குப் போறேன். எல்லா ஆம்பிளைங்களும் வர்றாங்க."

"இன்னைக்குச் சனிக்கிழமை."

"சாப்பாடு சனிக்கிழமைதான், எர்லீன்!"

அவர் பிஸ்கட் ரொட்டியும் கிரேவியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது கம்பளம் பளிச்சென்று இருந்தது. ஹெலிகாப்டர் மேஜைமேல் இருந்தது. வால் விசிறி வலது பக்கம் இருந்தது.

டெல்மர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். வலது பக்கம்தான். செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தார். இடது பக்கம். தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். அப்போது ஹெலிகாப்டரும் தலைகீழாயிற்றே தவிர, விசிறி நகரவில்லை. தன் கைகளைத் தூக்கி, இது இடது, இது வலது என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதில் சந்தேகமில்லை.

"எர்லீன்! வீட்டுக்கு யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல!" பதில் கேள்வி முடிவதற்குள் வந்துவிட்டது. "ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே. சும்மா கேட்டேன்."

"சும்மாதானே?"

"சும்மாதான்."

சாப்பிடும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள். அப்படியென்றால் நான்தான் மாற்றி ஒட்டியிருக்கிறேன் என்று முடிவு செய்தார் டெல்மர். ஒட்டும்போது இடது என்று நினைத்து வலதில் ஒட்டியிருக்கிறேன். மகள் சொன்னது சரிதானோ என்ற பயம் முதன்முதலாக அவருக்கு வந்தது.

விசிறியைப் பெயர்த்து இடது பக்கம் வைக்கப் பார்த்தார். அது இரண்டாக ஒடிந்தது.

"முடி வெட்டிக்கப் போறேன்," என்று கிளம்பினார்.

வெர்ஜிலிடம் இன்னொரு பெட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். எர்லீன் வாசலில் நின்று அவர் தலையைப் பார்த்தாள். இருந்த நாலு முடியும் அப்படியே இருந்தது.

"முடி?"

டெல்மர் தலையைத் தடவிப் பார்த்தார். "வெட்டிக்க மறந்துட்டேன்."

"முடி வெட்டற கடைக்குப் போய், முடி வெட்டிக்க மறந்துட்டே."

"கூட்டமா இருந்தது."

"டெல்மர், மறந்தியா, கூட்டமா?"

"கூட்டத்தைப் பாத்ததுல மறந்துட்டேன்."

பின்வாசல் பக்கம் போன் பேசுகிற சத்தம் இந்தத் தடவை ரொம்ப நேரம் கேட்டது.

புது விசிறியை இடது பக்கம் ஒட்டினார். இரண்டு நாள் கழித்துக் காலையில் வந்து பார்த்தால் அது வலது பக்கம் இருந்தது. அதோடு, வாலின் பச்சை வேறு மாறியிருந்தது. உடல் முழுக்க அவர் பூசிய மங்கல் பச்சை. வால் நுனி மட்டும் பட்டாணிப் பச்சை, சமையலறைத் திரைச்சீலையின் நிறம். அந்த நிறத்தில் தன்னிடம் பெயின்ட் புட்டியே கிடையாது என்று டெல்மருக்கு நிச்சயமாகத் தெரியும். நிச்சயமாகத் தெரியும் என்பதை அவர் இப்போதெல்லாம் நம்புவதில்லை.

மூளையோடு கண்ணும் போயிற்று என்று நினைத்துக்கொண்டு காற்றாட வெளியே வந்தார். தோட்டத்தில் எர்லீன் அண்ணாந்து நின்றாள். தளத்திலிருந்து கிளம்பிய ஹெலிகாப்டர் ஒன்று வீட்டுக் கூரைக்கு மேல் தடதடவென்று போனது. அதைப் பார்த்துக்கொண்டே எர்லீன் தன் வலது கையைத் தூக்கி ஆட்டினாள். பிறகு இடது கையைத் தூக்கினாள். பிறகு தலையை உதறிக்கொண்டாள்.

"என்ன பண்றே?" என்றார் டெல்மர்.

எர்லீன் திடுக்கிட்டாள். "பறவை பாக்கறேன்."

"அது ஹெலிகாப்டர்."

"அதுக்குப் பின்னாடி ஒரு பறவை போச்சு."

பாவம், இவளுக்கும் என்னவோ ஆகிறது என்று டெல்மர் நினைத்தார். தன்னுடைய கவலையில் அவளை விட்டுவிட்டோமே என்று மனசு சங்கடப்பட்டது.

வலது பக்க விசிறியைப் பெயர்த்தார். ஒடிந்தது. மறுபடியும் வெர்ஜில்.

"உன் ஆளுக்கு இன்னும் முடியலையா?" என்றார் வெர்ஜில்.

"எந்த ஆளு?"

"உன் சிநேகிதன்."

"ஓ, அவனா. அவனுக்குக் கொஞ்சம் மறதி."

"இந்த ஹெலிகாப்டருக்கு ஊர்ல திடீர்னு என்ன கிராக்கின்னே புரியல. வருஷக்கணக்கா தூசி படிஞ்சு கிடந்தது. இப்போ இதுதான் கடைசிப் பெட்டி. புதுசா ஆர்டர் போட்டிருக்கேன்."

"வேற யாரு வாங்கறா?"

வெர்ஜில் உதட்டை இழுத்துப் பூட்டிக் காட்டினார்.

இந்தத் தடவை டெல்மர் ஓர் உபாயம் செய்தார். விசிறி அசையவே கூடாது என்று, தொட்டவுடன் கல்லாக இறுகுகிற பசையை நாலு சொட்டு விட்டார். தன் கையே தெரியாமல் போய்த் தொட்டுவிடக் கூடாது என்று, எர்லீனின் கண்ணாடிக் கேக் மூடியைக் கொண்டுவந்து ஹெலிகாப்டர் மேல் கவிழ்த்தார். மூடிமேல் ஒரு சீட்டும் ஒட்டினார்: 'டெல்மர், தொடாதே. இப்படிக்கு, டெல்மர்.'

அந்த வகைப் பசையை மூடிவைக்கக் கூடாது என்பது மாடல் கட்டுகிறவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஒரு தடவை பட்டபிறகு. மறுநாள் காலையில் ஹெலிகாப்டரின் கண்ணாடி ஜன்னல்கள் எல்லாம் பனி மூடினதுபோல் வெள்ளையாகியிருந்தன. பசையின் ஆவி உள்ளேயே சுற்றிச் சுற்றிப் படிந்துவிட்டது. உள்ளே இருந்த குட்டி விமானி கண்புரை வந்தவன்போலத் தெரிந்தான்.

"என் கேக் மூடி எங்கே?" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மூடியா? நான் பாக்கலையே."

எர்லீன் உள்ளே வந்து மூடியையும் சீட்டையும் பார்த்தாள். சீட்டை இரண்டு தடவை படித்தாள். கையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நல்லவேளையாக ட்ரக்கில் இருந்த பெட்டிகளில் கண்ணாடிகள் மிச்சமிருந்தன. டெல்மர் அவற்றை மாற்றினார், பச்சையை ஒரே பச்சையாக்கினார், கதவுக்குப் பக்கத்தில் வெள்ளை எண்களைத் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டினார். தந்தையர் தினத்துக் காலையில், சர்ச்சுக்குக் கிளம்புமுன் கடைசியாக ஒரு தடவை பார்த்தார். விசிறி இடது பக்கம். விரலால் தொட்டார். ஆடவில்லை.

"நீ வரலையா?"

"கோழி வறுக்கணும். இன்னைக்குச் சாப்பாட்டுக்கு வெர்ஜிலையும் வரச் சொல்லியிருக்கேன்," என்றாள் எர்லீன். "பாவம், மனைவி போனதிலேருந்து தனியாத்தான் சாப்பிடறாரு."

டெல்மர் டையை முடிவதை நிறுத்தினார். "வெர்ஜிலா? உனக்கு எப்போ வெர்ஜில் பழக்கம்?"

"நாய்த் தீனி வாங்கப் போனப்ப பேசினேன்."

"நம்மகிட்ட நாய் இல்லையே!"

"அதான், போனப்புறம்தான் ஞாபகம் வந்தது," என்றாள் எர்லீன். சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் விழித்தாள்.

சர்ச்சில் டெல்மர் பாட்டு எதுவும் பாடவில்லை. சாவி போனால் போகட்டும், எர்லீனை யாராவது பார்த்துக்கொள்ளவேண்டுமே என்று கும்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வீடு திரும்பியபோது டெனீஸின் கார் வாசலில் நின்றது. மேஜைமேல் வறுத்த கோழி, சோள ரொட்டி, கீரை, குளிர்ந்த இனிப்புத் தேநீர், நடுவில் பெக்கான் பை என்கிற கொட்டைப் பலகாரம். வெர்ஜில் சட்டையில் துண்டைச் செருகிக்கொண்டு தயாராக இருந்தார். ஓரத்தில், பூத்துவாலையால் மூடிய ஹெலிகாப்டர். எர்லீனின் முகம் ஏனோ வெளிறியிருந்தது.

"அப்பா, முதல்ல அதைப் பாத்துடலாம்," என்ற டெனீஸ், காதைத் தொட்டு, "ஒரு நிமிஷம், அப்புறம் கூப்பிடறேன்," என்று யாரிடமோ சொல்லிவிட்டுத் துவாலையை எடுத்தாள்.

அழகான பச்சை. கோணாத கால்கள். பளபளக்கும் கண்ணாடி. டெனீஸ் குனிந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது. பிறகு வால் பக்கம் போனாள். சிரிப்பு நின்றது.

"அப்பா, இதுக்கு ரெண்டு விசிறி இருக்கே."

இடது பக்கம் ஒன்று. வலது பக்கம் ஒன்று.

வெர்ஜில் எட்டிப் பார்த்தார். "இந்த வகை எனக்கே புதுசா இருக்கே," என்றார்.

டெல்மர் நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தார். கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு ட்ரக் சாவியை எடுத்து, சோள ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ சொன்னதுதான் சரி, டெனீஸ். எடுத்துக்கோ. முதல் நாளே அந்த விசிறியைத் தொலைச்சேன். திருட்டுத்தனமா வேற பெட்டி வாங்கினேன். அதோட போயிருந்தா பரவாயில்ல. நான் இடதுல ஒட்டறேன், போய்ப் பாத்தா வலதுல இருக்கு. பிச்சு மறுபடி இடதுல ஒட்டறேன், மறுபடி வலதுல இருக்கு. இப்போ ரெண்டு பக்கமும் இருக்கு. என் கை செய்றது என் தலைக்குத் தெரியலம்மா." சாவியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினார். "எனக்குப் பயமா இருக்கு."

எர்லீன் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"டெல்மர், வலது பக்கம் நான்."

"என்னது?"

"வலது பக்கம் ஒட்டினதெல்லாம் நான்தான். அன்னைக்குக் கம்பளத்துக்கு வாக்குவம் க்ளீனர் போட்டேனில்ல, ஒயர் மாட்டி இது கீழ விழுந்து விசிறி தூளாயிடுச்சு. பக்கத்து வீட்டுக்காரி வண்டியில வெர்ஜில் கடைக்கு ஓடிப்போய் ஒரு பெட்டி வாங்கி, நானே ஒட்டி வச்சேன்."

"சொல்லியிருக்கலாமே, எர்லீன்!"

"எப்படிச் சொல்றது? யார் உதவியும் கூடாதுன்னு இவ சட்டம் போட்டிருக்கா. அம்மா கைவச்சான்னு தெரிஞ்சா சாவி போயிடுமே! அப்புறம் பாத்தா, நான் வலதுல வச்சது இடதுல இருக்கு. நீ மறந்துபோய்த் தப்பா மாத்திட்டேன்னு நெனச்சு, நான் சரிபண்ணேன். மறுபடி இடதுல இருக்கு. இன்னைக்குப் பிச்சு எடுக்க முடியல, நீ என்ன பசை போட்டியோ. கோழி வேற கருகுது. சரி, எடுக்கறது அப்புறம்னு வலதுல ஒண்ணை ஒட்டினேன், அதுக்குள்ள இவ கார் வந்துடுச்சு."

"வலதுதான்னு உனக்கு யார் சொன்னது?"

"தினம் ஜன்னல்ல பாக்கறேனே! நம்ம தலைக்கு மேல போறது எல்லாத்துக்கும் வலதுலதான் இருக்கு!"

"அது இப்போ இருக்கிற வகை! இது பழசு! பழசுக்கு இடதுலதான்!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் ஒட்டினது தானா நகருதுன்னு, எனக்குத்தான் மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சேன். டாக்டரைப் பாக்க நேரம்கூட வாங்கி வச்சிருக்கேன்."

டெல்மர் அவளையே பார்த்தார். பிறகு எழுந்துபோய் அவளைக் கட்டிக்கொண்டார். எத்தனையோ நாளாக இருந்த பயம் கரைந்து, சிரிப்பாக வெளியே வந்தது. எர்லீனும் அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணாடி, பால், முடி என்று சொன்ன பொய்களையெல்லாம் ஒப்புக்கொண்டபடி டெல்மர் ட்ரக்கிலிருந்து தன் பெட்டிகளைக் கொண்டுவந்தார், துணி அலமாரியிலிருந்து எர்லீனின் பெட்டிகள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் இடமில்லாமல் எல்லாவற்றையும் தரையில் அடுக்கினார்கள்.

"வெர்ஜில், உனக்கு ரெண்டு பேரும் வாங்கறது தெரியுமில்ல? வாயைத் திறக்கக் கூடாதா?" என்றார் டெல்மர்.

"அலமாரிக்கு அந்தப் பக்கம் போகாதுன்னு ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் பண்ணியிருக்கேனே," என்றார் வெர்ஜில், பெக்கான் பலகாரத்தில் இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டே. "உங்க வீட்ல ஏதோ போட்டி நடக்குதுன்னு நெனச்சேன்."

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லை!" டெல்மர் சாவியை எடுக்கக் கையை நீட்டினார்.

அதற்கு முன் டெனீஸின் கை சாவிமேல் விழுந்தது.

"இருங்கப்பா. நகர்ந்ததுக்கும் ரெண்டானதுக்கும் காரணம் அம்மா, சரி. கண்ணாடி, பால், முடி, எல்லாம் பொய், அதுவும் சரி. ஆனா முதல் விசிறி? அதை யாரும் எடுக்கல, யாரும் உடைக்கல. அது எங்கே?"

சிரிப்பு அப்படியே நின்றது. டெல்மர் கம்பளத்தைப் பார்த்தார்.

"அது நான் தொலைச்சதுதான்," என்றார் மெதுவாக. "எப்படின்னுதான் ஞாபகம் இல்லை."

"அதைத்தானேப்பா நான் ஆரம்பத்திலேருந்து சொல்றேன்." டெனீஸுக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் கை சாவியைவிட்டு அகலவில்லை. "பெட்டியைப் பிரிச்ச அன்னைக்கே ஒரு பாகம் போச்சு. ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான். நீங்க ரோட்ல எங்கயாவது..."

அவள் காதில் போன் ஒலித்தது. ஒரு கையால் காதைத் தொட்டுக்கொண்டு, மறு கையால் சாவியைத் தன் கைப்பைக்குள் போட்டாள்.

வெர்ஜில் வாயைத் துடைத்துக்கொண்டு, தன் கடைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாஞ்சையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் இருந்த ஒன்றைக் கையில் எடுத்ததும் அதன் மூலையைக் கண்ணருகே கொண்டுபோனார். பிறகு நிமிர்ந்து டெனீஸைப் பார்த்தார்.

"அட, சிவப்பு ஸ்டிக்கர் போட்ட மூளிப் பெட்டி! ஏம்மா டெனீஸ், இதுல வால் விசிறி கிடையாது, அதனாலதான் பாதி விலைன்னு அன்னைக்கே உன்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேன், நீயும் போன்ல பேசிக்கிட்டே சரி சரின்னு தலையாட்டினியே, மறந்துட்டியா?"